சார் போயிட்டாரா?

இந்த மேசை ஆடுகிறது. நீங்கள் எழுதும்போது அந்தப் பக்கம் சாய்கிறது, பேனாவைத் தூக்கினால் இந்தப் பக்கம் வருகிறது. பழைய காகித உறை ஒன்றை நான்காக மடித்து இடப்பக்கக் காலுக்கடியில் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும். சொல்கிறேனே என்று தப்பாக நினைக்க வேண்டாம். இருபத்தாறு வருடம் அளக்கிற வேலை பார்த்தவனுக்கு, மட்டம் தப்பி நிற்கிற எதைக் கண்டாலும் கை பரபரக்கும்.

இந்தக் காவல் நிலையத்துக்கு நான் தானாக வந்தேன் என்பதை முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மேஸ்திரியின் சாவை இயற்கைப் பேரிடர் என்று பதிந்து கோப்பை மூடிவிட்டீர்கள். மழைநீர் கரையை மீறி வந்தது, பழைய வாய்க்காலில் கிடந்த ஊனமுற்றவர் மூழ்கினார் என்று அதில் இருக்கிறது. அது தவறான பதிவு. அப்படி ஒன்று அரசாங்கக் கோப்பில் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

சற்று முன் நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அந்த வாய்க்கால் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. மேலே மரத்தில் கட்டிய கயிறு அவர் கைக்கு எட்டுகிற மாதிரிதான் தொங்கியது. இடுப்புக்குக் கீழே விளங்காவிட்டாலும் தோளில் நல்ல பலம் உள்ள மனிதர். ஆறு வருடமாக அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் மேலே ஏறி வந்திருக்கிறார். வெளியே எடுத்தபோதும் கயிறு அவர் கையில் இருந்தது. அப்படியானால் ஏன் ஏறவில்லை? பதில் என்னிடம் இருக்கிறது. அதை இப்போதே சொன்னால் என்னை வேறு மாதிரி ஆள் என்று நினைத்துவிடுவீர்கள். வரிசையாகவே சொல்கிறேன்.

வெள்ளமோ வறட்சியோ வந்துபோனால் அதன் பின்னாலேயே நான் வருவேன். வயலில் எவ்வளவு போயிற்று, எவ்வளவு நிற்கிறது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. நிவாரணம் என் எண்ணைப் பார்த்துத்தான் வரும். அதற்கு ஓர் இரும்புச் சட்டம் வைத்திருக்கிறேன். மீட்டர் நீளம், மீட்டர் அகலம். அதை வயலுக்குள் வீச வேண்டும். விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் எத்தனை தண்டு நிற்கிறது, எத்தனை சாய்ந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். வீசும்போது வயலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும் என்பது விதி. பார்த்து வீசினால் கை தன்னாலேயே வேண்டிய இடத்துக்குப் போய்விடும். மற்றவர்கள் ஒப்புக்குத் திரும்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்து வீசுவார்கள். நான் கண்ணையும் மூடிக்கொள்வேன். இதனால் எனக்குத் தராசு என்று பெயர். கிண்டலாக வைத்ததுதான், நாளடைவில் மரியாதையாக ஆகிவிட்டது. வீட்டில் மட்டும் கிண்டல் குறையவில்லை. காய்கறிக்காரரிடம் நான் எடை பார்த்துக்கொண்டு நின்றால் என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

என் பணிக்காலத்தில் ஒரு பொய்யான எண்ணை எழுதியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போவது உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

என்னிடம் இன்னொரு வேலையும் இருந்தது. ஆற்றை ஒட்டிய சில நிலங்களில் பயிர் வைக்காமல், நாணலும் தண்ணீருமாக அப்படியே விட்டுவைத்தால் அரசாங்கம் வருடா வருடம் உதவித்தொகை கொடுக்கிறது. காப்பு நிலம் என்று பெயர். அதற்குள் குடியிருக்கக் கூடாது, கோழி வாத்து வளர்க்கக் கூடாது. ஒரு தடவை மீறிக் கண்டுபிடிக்கப்பட்டால் அதுவரை வாங்கியதெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை நான் போய்ப் பார்த்து எழுதுவேன்.

வாத்துக்காரம்மாவுக்கு அப்படி ஒரு துண்டு நிலம் இருந்தது. அதை ஒட்டிக் கீழே ஒரு வயல். அவள் வீட்டுக்காரர்தான் மேஸ்திரி. ஏழு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். வைத்தியத்துக்கு வீட்டை விற்றுவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல், இருவரும் அந்தக் காப்பு நிலத்திலேயே தகரக் கொட்டகை போட்டு இருந்தார்கள். கூட நாற்பது வாத்து.

இதை நான் எப்படி எழுதியிருக்க முடியும்? குடியிருக்கிறார்கள் என்று எழுதினால் அவர்கள் நடுத்தெருவுக்கு வருவார்கள். இல்லை என்று எழுதினால் பொய். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். எல்லா விவசாயிகளுக்கும் அது தெரியும். போவதற்கு முந்தைய நாள் சொல்லி அனுப்புவேன். "நாளைக்குக் காலையில வர்றேன்" என்றால் போதும். நான் போகும்போது நிலம் படிவத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். தகரத்தைக் கழற்றி நாணலுக்குள் படுக்கப் போட்டுவிட்டு, வாத்துகளை ஓட்டிக்கொண்டு வாத்துக்காரம்மா சந்தைக்குப் போய்விடுவாள். நான் பார்ப்பேன். கொட்டகை இல்லை, வாத்து இல்லை, ஆள் இல்லை. பார்த்ததை எழுதுவேன். மறுநாள் அவர்கள் மறுபடி கட்டிக்கொள்வார்கள். அது மறுநாள் சமாச்சாரம்.

மேஸ்திரியை எங்கே கொண்டுபோவது என்பதுதான் அவளுக்குப் பாடாக இருந்தது. காப்பு நிலத்துக்கும் வயலுக்கும் நடுவில் தூர்ந்துபோன வாய்க்கால் ஒன்று உண்டு. அதில் பலகை போட்டு, தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கி, மேலே தார்ப்பாயும் நாணலும் மூடிவிடுவாள். அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டி நின்று எழுதுவேன்.

எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே இல்லையே. தெரியும். முதல் வருடமே தெரியும். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏம்மா, சார் போயிட்டாரா?" பொண்டாட்டி பக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பாமலே சொன்னேன்.

"இன்னும் இல்ல, மேஸ்திரி. அப்படியே இருங்க."

"சரிங்க சார்," என்றார்.

எழுதி முடித்து, காப்பு நிலத்தின் எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே கால் வைத்த பிறகுதான், "போயாச்சு, ஏறி வாங்க" என்று குரல் கொடுத்தேன். உள்ளே நின்றுகொண்டு போயாச்சு என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் சைக்கிளை எடுக்கும்போது அவர் கயிற்றைப் பிடித்து மேலே வந்து, கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. அவர் கேட்பார், நான் இன்னும் இல்லை என்பேன், கல்லைத் தாண்டியதும் போயாச்சு என்பேன். ஆறு வருடம், பன்னிரண்டு தடவை. நேருக்கு நேர் நாங்கள் அதிகம் பேசியதில்லை. ஆனால் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த வருட மழை உங்களுக்குத் தெரியும். ஆறு நாள் விடாமல் பெய்தது. கதிர் முற்றுகிற நேரம். அந்தப் பகுதியில் நாற்பது குடும்பத்தின் நிலம் ஒரே தொகுப்பு. தனித்தனியாக நிவாரணம் கிடையாது. தொகுப்பு முழுவதிலும் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தால் எல்லோருக்கும் உண்டு, இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. நூற்றுக்கு முப்பத்துமூன்று வர வேண்டும். நான் எண்ணினேன். முப்பத்தொன்று வந்தது. மறுநாள் மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று. மூன்றாம் தடவையும் அதேதான்.

குறைந்ததற்குக் காரணம் வாத்துக்காரம்மா. மழைக்கு முதல் நாள் வானத்தைப் பார்த்துவிட்டு, ஒற்றை ஆளாக மண்வெட்டி எடுத்துத் தன் வரப்பை இடுப்பு உயரத்துக்கு உயர்த்திவிட்டாள். காப்பு நிலத்துத் தண்ணீர் அதைத் தாண்டவில்லை. அவள் வயலும், அதற்குக் கீழே இருந்த இரண்டு வயலும் ஒரு தண்டு சாயாமல் நின்றன. அவ்வளவு அழகான வேலை. நான் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

விவசாயிகள் சங்கத் தலைவர் அலுவலகத்துக்கு வந்தார். பெரிய குரல்காரர், அன்று குரலே எழும்பவில்லை. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வயல் முழுக்கச் சேறு.

"நாப்பது வீட்டுலயும் அடுப்பு எரியணும் சார். உங்க கையிலதான் இருக்கு."

"என் கையில இல்லீங்க. வயல்ல இருக்கு," என்றேன்.

அவர் போன பிறகு என் மேலதிகாரி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல மனிதர், என்னைவிட வயதில் சின்னவர்.

"ரெண்டு சேத்து முப்பத்திமூணுன்னு போட்டுடுங்க. யாரு வந்து எண்ணப் போறா?"

"நான் எண்ணியிருக்கேனே சார்."

"அதான் நானும் சொல்றேன். நீங்க எழுதினா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது நான் எதற்காக நம்பப்படுகிறேனோ அதையே விற்கச் சொல்கிறார். மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. நான் கல் நெஞ்சக்காரன் இல்லை. நாற்பது வீடு என்றால் எனக்கு நாற்பது முகம். எண் தவறாக இருக்கக் கூடாது. அதே சமயம் எண் முப்பத்துமூன்றாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழிதான் இருந்தது. அது புதிய வழியும் இல்லை. நான் எப்போதும் செய்வதுதான்: எழுதுவதற்கு முன் வயல் படிவத்துக்கு ஏற்றபடி ஆகியிருக்க வேண்டும்.

காப்பு நிலத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அதன் கரையில் மூன்று பலகை சொருகிய சின்ன மதகு ஒன்று உண்டு. பலகையை உருவினால் தண்ணீர் நேராக வாத்துக்காரம்மாவின் வரப்பில் போய் மோதும். வரப்பு உடைந்தால் மூன்று வயல் சாயும். மழை நின்ற பதினைந்து நாளுக்குள் வரும் வெள்ளச் சேதமெல்லாம் அதே பேரிடரில்தான் சேரும். அவளுக்கும் நிவாரணம் வரும் என்பதையும் யோசித்தேன். அவளிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். சங்கத் தலைவர் சாடைமாடையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். "என் பயிரு யாருக்கு என்ன பண்ணுச்சு?" என்று மண்வெட்டியோடு நின்றாளாம்.

அறிக்கை வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். புதன்கிழமை வாத்துக்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். "நாளைக்குக் காலையில வர்றேன்." அவர்களுடைய தகரத்துக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் சேதம் வரக் கூடாது என்றுதான் சொன்னேன். காப்பு நிலத்தைப் பார்க்க வருகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நான் அப்படிச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நல்ல வெயில். போய்ப் பார்த்தேன். கொட்டகை இல்லை. வாத்து இல்லை. ஆள் இல்லை. தள்ளுவண்டி மட்டும் மரத்தில் சாய்த்து வைத்திருந்தது.

முதல் பலகை ஊறிப்போயிருந்தது, வரவில்லை. சட்டத்தின் மூலையைக் கொடுத்து நெம்பினேன். உங்கள் ஆட்கள் பலகையில் பார்த்த இரும்புக் கீறல் அதுதான். மற்ற இரண்டும் சுலபமாக வந்துவிட்டன. தண்ணீர் பாய்ந்து வரப்பில் மோதியது. என் கணக்குப்படி ஐந்து நிமிடத்தில் உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. நான் பார்த்த வரப்புகளில் அவ்வளவு கெட்டியாக அணைத்த வரப்பு இல்லை. தண்ணீர் அதன் காலடியில் ஏறி ஏறி, போக இடமில்லாமல், இடப்பக்கம் திரும்பியது. அங்கே வாய்க்கால் இருந்தது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் வரப்பு உடைந்தது. தண்ணீர் இறங்கியதும் மூன்று வயலிலும் சட்டத்தை வீசினேன், முதுகைக் காட்டித்தான், கண்ணை மூடித்தான். தொகுப்பு முழுவதற்கும் கணக்குப் போட்டால் முப்பத்துநான்கு வந்தது. பகலுக்குள் அலுவலகம் போய்ப் படிவத்தை நிரப்பினேன். உயிர்ச்சேதம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன்; அதுவரை நான் எதையும் பார்க்கவில்லை. மூன்று மணிக்குச் செய்தி வந்தது. வாத்துக்காரம்மா சந்தையிலிருந்து திரும்பி வந்து பார்த்திருக்கிறாள். அந்த வார்த்தையை அடித்துவிட்டு, ஒன்று என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. தகரத்தை இன்னும் நிறுத்தவில்லை, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். ஆறு வருடமாக வயலைப் பார்க்க நான் வந்தால் எழுந்து நிற்பது அவளுக்குப் பழக்கம்.

"கயிறு இருந்துச்சே சார். அவரு ஏறி வந்திருப்பாரே. நல்லாத் தெம்பாத்தானே இருந்தாரு. ஏன் சார் ஏறல?"

தெரியாது என்று சொன்னால் பொய்யாகிவிடும். பேசாமல் நின்றேன். நான் துக்கத்தில் வாயடைத்து நிற்கிறேன் என்று எண்ணி, அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீங்க நல்லவரு சார். கண்டும் காணாம இத்தனை வருஷம் எங்களைக் காப்பாத்துனீங்க." வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. அப்புறம் உங்கள் பதிவைப் பார்த்தேன், வந்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். என் வழக்கைக் காட்டி அந்த நாற்பது குடும்பத்தின் கோப்பை நிறுத்திவிட வேண்டாம். முப்பத்துநான்கு உண்மையான எண். யார் வேண்டுமானாலும் போய் எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது உங்கள் கேள்வி. அவர் ஏன் ஏறவில்லை.

தண்ணீர் திரும்பியபோது வாய்க்காலில் கணுக்கால் அளவுகூட இருந்திருக்காது. பலகை நனைந்ததும் கயிற்றைப் பிடித்திருக்கிறார். கயிறு இறுகி மரக்கிளை அசைகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு இழுப்பில் மேலே வந்திருப்பார். வந்திருந்தால் நான் அவரைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் எழுத வேண்டும். பலகையைத் திருப்பிச் சொருக வேண்டும். வரப்பு நின்றிருக்கும், முப்பத்தொன்றும் நின்றிருக்கும். இதோ, இப்போது உடைந்துவிடும் என்று வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவர் கேட்டார், எப்போதும் கேட்பது மாதிரியே, கொஞ்சம் விளையாட்டாக.

"சார் போயிட்டாரா?"

"இன்னும் இல்ல, மேஸ்திரி. அப்படியே இருங்க."

"சரிங்க சார்," என்றார். கிளை அசைவது நின்றது.

வரப்பு உடையப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. பத்தாவது நிமிடத்தில் இன்னொரு தடவை கேட்டார். அப்போது குரலில் விளையாட்டு இல்லை. நான் அதே பதிலைச் சொன்னேன். அதற்கு மேல் கேட்கவில்லை. வாய்க்கால் கரை சரிந்து விழுகிற சத்தம் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் நான் அவரிடம் பொய் சொல்லவில்லை. எல்லைக்கல்லுக்கு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன்.